நுண்ணோக்கி பனிக்குப் போவதா, பனி நுண்ணோக்கிக்கு வருவதா?

ஆஸ்லோவில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி, ஈழத்துப் பிள்ளை, போன மாதம் கேட்டாள்: "அண்ணா, ஸ்வால்பார்டுக்கு ரெண்டு கிழமை போற சந்தர்ப்பம் கிடைச்சிருக்கு. பனியாத்துக்கு மேல இருக்கிற நுண்ணுயிரைப் படம் எடுக்கோணும். மைக்ரோஸ்கோப்பை மேல தூக்கிக்கொண்டு போகட்டோ, இல்லாட்டி சாம்பிளைக் கீழ கொண்டுவந்து ஆறுதலா எடுக்கட்டோ?" ஸ்வால்பார்ட் என்பது ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். அதே வாரம் கோவையிலிருந்து ஆவணப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர் அழைத்தார். அண்டார்க்டிகாவின் நீர்க்கரடியை (எட்டுக் கால் கொண்ட நுண்விலங்கு) வைத்துப் பத்து நிமிடப் படம் செய்ய ஆசை. "அங்கே நான் போயே ஆகணுமா?" என்றார்.

இரண்டும் ஒரே கேள்விதான். துருவத்தின் நுண்ணுயிரை எங்கே வைத்துப் படம்பிடிப்பது? பனியின் மேலேயே கூடாரத்திலா, பக்கத்து ஆய்வு நிலையத்திலோ கப்பலிலோவா, மாதிரியை ஊருக்குக் கொண்டுவந்து நிதானமாகவா? இந்த முடிவைப் பலர் கேமராவை வைத்தும் கையில் இருக்கும் பணத்தை வைத்தும் எடுக்கிறார்கள். எந்த உயிரைக் காட்டப்போகிறோம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம். அதற்கான காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் வெப்பநிலை. அறையின் வெப்பநிலை இல்லை, மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு சொட்டின் வெப்பநிலை.

நுண்ணோக்கியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சொட்டோ மிகச் சிறியது. பழைய ஹாலஜன் விளக்காக இருந்தால் சில நிமிடங்களிலேயே சொட்டு சூடேறிவிடும். எல்.இ.டி. எவ்வளவோ மேல், ஆனாலும் மாதிரியை வைக்கும் மேடையும் லென்ஸும் அறைச் சூட்டில் இருந்தால் சொட்டும் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். எண்ணெய் வைத்துப் பார்க்கும் லென்ஸ் இன்னும் மோசம். அது கண்ணாடியை ஒட்டிக்கொண்டு நிற்பதால் தன் சூட்டை நேராக மாதிரிக்குள் இறக்கும்.

சூடேறினால் என்ன கெட்டுவிடும்? உயிர் செத்தால் நமக்குத் தெரிந்துவிடும். சாகாமல் வேகம் மாறுவதுதான் ஆபத்து. சுழியத்துக்குக் கீழே மெல்ல நகரும் ஒரு டயாட்டம் (ஒற்றைச் செல் பாசி), பத்து டிகிரியில் வேறு வேகத்தில் ஓடும். ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கின் தலையில் சுழலும் மயிரிழைகளும் அப்படித்தான். படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. துருவ வாழ்க்கை என்ற பெயரில் நாம் காட்டுவது அந்த உயிர் தன் வீட்டில் ஒருநாளும் நடந்திராத நடை. இது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

ஒரு உதாரணம். அண்டார்க்டிகாவின் மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் போனி ஏரி என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பனிமூடி விலகாத ஏரி. அதன் ஆழத்திலிருந்து எடுத்த ஒரு பச்சை ஆல்காவுக்கு கிளாமிடோமோனாஸ் பிரிஸ்குயி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு சாட்டையிழைகளால் நீந்தும் அழகான உயிர். 18 டிகிரிக்கு வந்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். நம் ஊரில் ஏ.சி.யை 24இல் வைத்துவிட்டு 'நல்ல குளிர்' என்கிறோமே, அந்த அறையே அதற்குக் கொல்லும் சூடு.

இரண்டாவது அளவுகோல், மாதிரி எடுத்த நொடியிலிருந்து ஸ்லைடுக்கு வரும்வரை ஆகும் நேரம். சில உயிர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுக்கும், சில அரை மணி நேரம்கூடப் பொறுக்காது. மூன்றாவது, ஒளியியலும் அசைவின்மையும். 40 மடங்கு லென்ஸில் ஃபோகஸ் ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான், பக்கத்தில் ஒருவர் நடந்தால்கூட படம் கலங்கும். நான்காவது, படத்தில் இடம் தெரிய வேண்டுமா என்பது. பனியிலிருந்து ஸ்லைடு வரை ஒரே தொடர்ச்சியாகக் காட்டப்போகிறீர்களா, உயிரின் உடல் மட்டும் போதுமா? ஐந்தாவது அனுமதி. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லோரும் வருந்தியிருக்கிறார்கள்.

## ஒன்று: பனியின் மேலேயே

துருவத்தில் கேமரா பிடிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஹெர்பர்ட் பாண்டிங் எழுதிவைத்ததைவிட நல்ல சாட்சி கிடையாது. ராபர்ட் ஸ்காட்டின் டெர்ரா நோவா அண்டார்க்டிகப் பயணத்தில் 1910இல் போன படக்கலைஞர் அவர். ஃபோகஸ் செய்யும்போது உதட்டை ஈரப்படுத்த நாக்கை நீட்டியிருக்கிறார். நாக்கு கேமராவின் உலோகத்தில் பட்டு அந்த நொடியே உறைந்து ஒட்டிக்கொண்டது. வெடுக்கென இழுத்ததில் நாக்கு நுனியின் தோல் கேமராவிலேயே தங்கிவிட்டது. நூறு வருடம் தாண்டியும் உலோகத்தின் குணம் மாறவில்லை. ஃபோகஸ் திருகைத் திருப்ப நாம் இன்றும் கையுறையைக் கழற்றத்தான் வேண்டியிருக்கிறது.

என் அனுபவம் ஸ்வால்பார்டில் மட்டும்தான். அங்குள்ள முக்கிய ஊரான லாங்யியர்பியனுக்கு மேலே உள்ள பனியாற்றுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கோடைக் கடைசியில் கிரையோகொனைட் குழிகள் திறந்து கிடக்கும். காற்று கொண்டுவந்த கருந்தூசி வெயிலை உறிஞ்சி, தனக்கு அடியில் இருக்கும் பனியை உருக்கி, விரல் பருமனுக்குக் குழி தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கும். இந்தத் தூசிக்கு கிரையோகொனைட் என்று பெயர் வைத்தவர் துருவ ஆய்வாளர் நோர்டன்ஷோல்ட், 1870இல் கிரீன்லாந்தில். குனிந்து பார்த்தால் தெளிந்த நீருக்கு அடியில் மிளகுப் பொடி படிந்த மாதிரி தெரியும். அது வெறும் தூசி இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் இழை இழையான சயனோபாக்டீரியா தூசியைப் பின்னிக் கட்டிய உருண்டைகள். அந்த உருண்டைகளுக்கு நடுவே ரோட்டிஃபரும் நீர்க்கரடியும் குடியிருக்கின்றன.

ஒரு பைப்பெட்டால் ஒரு சொட்டு எடுத்து, பனியின் மேல் வைத்த பலகையில் சிறு நுண்ணோக்கியை நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். காற்று சுழியத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஒரு ரோட்டிஃபர் உருண்டையைக் காலால் பற்றிக்கொண்டு இரை வாங்கிக்கொண்டிருந்தது. கவர் ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து பனிப்படிகம் ஒன்று ஈட்டி போல உள்ளே நீண்டு வந்தது. அதன் முனை நெருங்கியதும் ரோட்டிஃபர் தலையை உடம்புக்குள் இழுத்துப் பந்தாகிவிட்டது. படிகம் அதைத் தொட்டு, சுற்றி, தாண்டிப் போயிற்று. முழுதும் இருபது நொடி. அந்த இருபது நொடிக்காக இன்னொரு முறை அந்த மலையை ஏறச் சொன்னாலும் ஏறுவேன். ஊர் ஆய்வகத்தில் இதைச் செயற்கையாக உண்டாக்கலாம்தான், ஆனால் படிகம் தானாக வந்து நிற்கும் இடம் பனியாறு ஒன்றே.

இனி மறைமுகச் செலவுகள். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுழியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது என்பது பலருக்குத் தெரியாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஆகவே பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், தங்குமிடத்துக்கு வந்து சூடான பிறகே சார்ஜில் போடுங்கள். ஃபோகஸ் திருகின் கிரீஸ் இறுகிவிடும், கிளம்பும் முன்பே குளிர் தாங்கும் கிரீஸாக மாற்றிவிட வேண்டும். மூச்சு லென்ஸில் பட்டால் உறைபடலம். கண்ணைக் கண்வில்லையில் வைப்பதை விட்டுத் திரையில் பார்ப்பதுதான் வழி.

குளிர்ந்த கேமராவைக் குடிலுக்குள் அப்படியே கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் வருடம் நான் அதைச் செய்தேன். சென்சார் வரை நீர்த்துளி படர்ந்து அரை நாள் வேலை போயிற்று. வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கி மூடிவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். பைக்கு வெளியே ஈரம் படியும், உள்ளே இருப்பது பிழைக்கும்.

இன்னொரு செலவு ஆள். ஸ்வால்பார்டில் குடியிருப்பை விட்டு வெளியே போனால் துருவக் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் துப்பாக்கியோடு ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே நிற்பார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கும் நீங்கள் காவல் பார்க்க முடியாது, காவல் நிற்பவர் உங்களுக்கு விளக்குப் பிடிக்கவும் முடியாது. இரண்டு பேர் வேலைக்கு மூன்று பேர். கறுப்புத் துணியும் தேவையில்லாத சுமை என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் 20 தொடங்கி ஆகஸ்ட் 23 வரை லாங்யியர்பியனில் சூரியன் மறைவதே இல்லை. பின்னணி கறுத்து உயிர் மட்டும் ஒளிரும் இருள்புல ஒளியில் படம் எடுக்க வேண்டுமானால் இருளை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும்.

களம் எப்போது சிறந்தது? உயிரும் அதன் பனியும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும் என்றால். கடற்பனியின் உப்புக் குழாய்களைக் காட்ட வேண்டும் என்றாலும் இதுதான். கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் சேராமல் ஒதுங்கி நுண்ணிய குழாய்களில் தேங்கும். பனி −10 டிகிரிக்குப் போனால் அந்தக் குழாய் நீரின் உப்பு சாதாரணக் கடல்நீரைப்போல நாலு மடங்கு. டயாட்டம்கள் வாழ்வது அதற்குள். பனித்துண்டு ஒரு டிகிரி மாறினால்கூட குழாயின் வடிவமும் உப்பும் மாறும். அந்த வீட்டை ஊருக்குத் தூக்கிவர முடியாது.

## இரண்டு: நிலையமும் கப்பலும்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். மாதிரி எடுத்துச் சில மணி நேரத்துக்குள், அசையாத மேசையில், குளிரறையில், நல்ல லென்ஸோடு.

சமீபத்தில் என்னை மலைக்க வைத்த துருவ நுண்காட்சி ஒரு கப்பலில் எடுத்தது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் ஆய்வுக்குழு 2023 கோடையில் சிகுலியாக் என்ற ஆய்வுக் கப்பலில் ஆர்க்டிக்கின் சுக்சி கடலுக்குப் போனது. காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப்பை உருவாக்கிய அதே மனு பிரகாஷ்தான். கடற்பனியைத் துளைத்து எடுத்த டயாட்டம்களை, சுழியத்துக்குக் கீழே வெப்பநிலையைப் பிடித்துவைக்கும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். −15 டிகிரியிலும் அவை பனியின் மேல் வழுக்கி நகர்ந்தன. கருவுள்ள செல் ஒன்று இவ்வளவு குளிரில் நகர்வதை அதற்கு முன் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. 2025இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. டயாட்டம் கண்ணாடி ஓடு கொண்ட செல். அதற்குக் கால் கிடையாது, சாட்டையிழையும் கிடையாது. ஓட்டின் நடுவில் ஓடும் கீறல் வழியே ஒரு பிசினைக் கசியவிட்டு, அதைப் பற்றிக்கொண்டு தன்னை இழுத்துக்கொள்கிறது.

சாதாரண மேடையில் வைத்திருந்தால் அதே டயாட்டம் நகர்வது தெரிந்திருக்கும், செய்தி தெரிந்திருக்காது. மேடையின் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தியதால்தான் அது கண்டுபிடிப்பு ஆனது. காடு மேடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய முடியாத இப்படிப்பட்ட கருவிக்கு மின்சாரமும் கூரையும் வேண்டும். நிலையமோ கப்பலோ தருவது அதைத்தான்.

அண்டார்க்டிகாவில் மக்மர்டோ நிலையத்தின் கிரேரி ஆய்வகம் இதற்குப் பேர்போனது. டெய்லர் பள்ளத்தாக்கின் ஏரிகளிலிருந்து ஹெலிகாப்டரில் மாதிரி அன்றைக்கே வந்து சேரும். ஆர்க்டிக்கில் நி-ஆலெசுண்ட், 79 டிகிரி வடக்கு. பல நாடுகளின் நிலையங்கள் ஒரே சிற்றூரில் இருக்கின்றன, இந்தியாவின் ஹிமாத்ரி 2008 முதல் அங்கேதான். அண்டார்க்டிகாவில் இந்தியாவுக்கு 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. மைத்ரி இருக்கும் ஷிர்மாகர் பாலைச்சோலையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் இருக்கின்றன, நுண்ணுயிர்ப் படத்துக்கு அருமையான இடம்.

ஒரு தொழில் நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடற்பனித் துண்டை வாளியில் போட்டுத் தானாக உருகவிட்டால் உருகிய நீரின் உப்பு சட்டென்று இறங்கிவிடும். நாலு மடங்கு உப்பில் இருந்த செல் கிட்டத்தட்ட நல்ல தண்ணீரில் விழுந்த கதை. செல் ஊதி வெடிக்கும். பிறகு ஸ்லைடில் காலி ஓடுகளைப் பார்த்துவிட்டு 'இங்கே உயிரே இல்லை' என்போம். வடிகட்டிய கடல்நீரைக் குளிரவைத்து, அதில் பனித்துண்டைப் போட்டு, குளிர்ந்த இருட்டில் மெல்ல உருகவிட வேண்டும். நிலையத்தில் இதற்குப் பொறுமையும் வசதியும் கிடைக்கும். கூடாரத்தில் கிடைக்காது.

மறைமுகச் செலவு பணத்தைவிடக் காலம். அமெரிக்கத் திட்டத்தில் போகிறவர் பல்லிலிருந்து இதயம் வரை மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அந்தத் திட்டத்தில் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தனி வாசல் ஒன்று இருந்து வந்திருக்கிறது. அதற்கும் விண்ணப்பம், தேர்வு, காத்திருப்பு எல்லாம் உண்டு. இந்திய நிலையங்களுக்குக் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் வழியாக ஆய்வுக் குழுவோடு சேர்ந்துதான் போக முடியும். போய்ச் சேர்ந்தாலும் குளிரறை உங்களுடையது இல்லை. ஆய்வாளரின் சோதனை முடிந்த பிறகு, பெரும்பாலும் இரவில், உங்கள் முறை வரும். மாதிரி எடுக்கப் போகும் நாளை வானிலைதான் சொல்லும். கப்பலுக்கு இன்னொரு தொல்லை, இயந்திர அதிர்வு. 10 மடங்கில் தெரியாது, 40இல் படம் நடுங்கும். காற்றுத் தலையணை மேல் கனத்த தட்டை வைத்து அதில் நுண்ணோக்கியை நிறுத்தினால் ஓரளவு அடங்கும்.

## மூன்று: ஊருக்குக் கொண்டுவந்து

இதை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் நினைக்கவில்லை. சில உயிர்களுக்கு இதுதான் முதல் தரம்.

1983 நவம்பரில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிழக்கு அண்டார்க்டிகாவின் யுகிதோரி பள்ளத்தாக்கில் மாஸ் செடியைச் சேகரித்து −20 டிகிரியில் உறையவைத்தார்கள். 2014இல் உருக்கிப் பார்த்தபோது, முப்பது ஆண்டுக்கு மேல் உறைந்திருந்த இரண்டு நீர்க்கரடிகளும் ஒரு முட்டையும் உயிரோடு இருந்தன. அக்யூடன்கஸ் அண்டார்க்டிகஸ் என்ற இனம். ஒன்று இருபது நாளில் இறந்துவிட்டது. மற்றது மெல்ல மெல்லக் காலை அசைத்து, ஊர்ந்து, இரை தின்று, முட்டையும் இட்டது. உறைந்திருந்த முட்டையும் பொரிந்தது. அந்தக் கால் முதல்முறை அசையும் கணத்தைப் படம்பிடிக்க வேண்டுமானால் நாள்கணக்கில் ஒரே தட்டின் முன் உட்கார வேண்டும். அதைக் கூடாரத்தில் யார் செய்வது?

நியூசிலாந்தின் டேவிட் வார்டன் 1995இல் காட்டியது அதைவிட வியப்பு. பானாக்ரோலைமஸ் டேவிடி என்னும் அண்டார்க்டிக் உருளைப்புழுவைக் குளிர்மேடையில் வைத்து உறையவைத்தார். பனி உடம்புக்குள் புகுந்தது, செல்களுக்குள்ளேயும் புகுந்தது. செல்லுக்குள் பனி புகுந்தால் மரணம் என்றுதான் அதுவரை பாடம். புழு உருகி எழுந்து நெளிந்தது. வெப்பநிலையைப் புள்ளி புள்ளியாக இறக்கி ஏற்றக்கூடிய ஆய்வக மேடையில்தான் இந்தக் காட்சி கிடைக்கும்.

சிவப்புப் பனியும் இந்தக் கணக்கில் சேரும். 1818இல் ஜான் ராஸ் கிரீன்லாந்துக் கரையில் பாறைகள் மேல் கண்டு வியந்த சிவந்த பனியின் நிறம், பனி ஆல்காவில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. சிவந்த நிலையில் அந்த ஆல்கா தடித்த சுவருள்ள உறங்கும் செல், நகராது. குளிரில் வைத்துக் கொண்டுவந்தால் தாங்கும். மாதிரி எடுக்கவே வழியில்லை என்றால் வளர்ப்புச் சேகரங்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஓபனிலும் அமெரிக்காவின் மெய்னிலும் உள்ளவை துருவ ஆல்கா இனங்களை உயிரோடு அனுப்புகின்றன.

இனி இதன் செலவு. குளிர்மேடை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த ஸ்லைடிலும் லென்ஸ் முனையிலும் வியர்த்துக் கொட்டும். ஐந்து நிமிடத்தில் படம் பனிமூட்டம். மேடையைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி கட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் வைத்தோ உலர்ந்த நைட்ரஜனை மெல்ல விட்டோதான் சமாளிக்க வேண்டும். எண்ணெய் லென்ஸை விட்டு, தள்ளி நின்று பார்க்கும் உலர் லென்ஸை எடுங்கள்.

அடுத்தது காகிதம். அண்டார்க்டிகாவில் உயிர்களை எடுக்க 1991 மாட்ரிட் நெறிமுறைப்படி அனுமதி வேண்டும். இந்தியர்களுக்கு 2022 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மண் கலந்த எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவரத் தடுப்புக்காவல் விதிகள் குறுக்கே நிற்கும். உறைந்த மாதிரியை விமானத்தில் கொண்டுவர உலர்பனி வேண்டும், ஒரு பயணிக்கு 2.5 கிலோதான், அதுவும் விமான நிறுவனம் முன்கூட்டியே சம்மதித்தால். தாமதமாகி உலர்பனி தீர்ந்தால் முப்பது ஆண்டு உறக்கத்தைத் தாங்கிய உயிர்கூட பாதி உருகி மீண்டும் உறைந்து செத்துப்போகலாம்.

மூன்றாவது செலவு நேர்மை. வளர்ப்புக் குடுவையிலிருந்து வந்த ஆல்கா சுத்தமாக, தனியாக, பளிச்சென்று இருக்கும். பனியில் அது அப்படி இருப்பதில்லை. தூசியும் பாக்டீரியாவும் செத்த ஓடுகளும் சூழ்ந்துதான் இருக்கும். ஆய்வகக் காட்சியைப் பனியாற்றுக் காட்சிக்கு அடுத்து ஒட்டி, இது அங்கே எடுத்தது என்ற எண்ணம் வரும்படி விடுவது எனக்குச் சம்மதமில்லை. 'ஆய்வகத்தில், 2 டிகிரியில்' என்று திரையில் ஒரு வரி போட்டால் படத்தின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

## நாலாவதாக ஒரு வழி

பனியில் துளையிட்டு நுண்ணோக்கியையே நீருக்குள் இறக்குவது. லேசர் ஹாலோகிராம் முறையில் வேலை செய்யும் கருவிகளைக் கடற்பனியில் சோதித்திருக்கிறார்கள். ஃபோகஸ் செய்யவே வேண்டாம், நீந்தும் பாக்டீரியாவின் பாதையைப் பிறகு கணினியில் மீட்டெடுக்கலாம். அறிவியலுக்குப் பெரிய வரம். படத்துக்கு, வண்ணமில்லாத சாம்பல் புள்ளிகள். படம் எடுக்கும் தனியாளுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பனியின் மேல் | நிலையம் / கப்பல் | ஊர் ஆய்வகம் |
|---|---|---|---|
| சொட்டின் வெப்பநிலை | இயல்பானது, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை | இயல்புக்கு அருகே, கட்டுப்படுத்தலாம் | முழுக் கட்டுப்பாடு, மேடை இருந்தால் மட்டும் |
| ஸ்லைடுக்கு வரும் நேரம் | நிமிடங்கள் | சில மணி நேரம் | வாரங்கள், மாதங்கள் |
| பெரிதாக்கும் எல்லை | 10, 20 மடங்கு லென்ஸ் வரை நிம்மதி | 40, அதற்கு மேலும் | எல்லாம் |
| இடம் படத்தில் வருமா | ஆம் | ஓரளவு | இல்லை |
| எதிர்பாராத செலவு | ஆள், பேட்டரி, வீணாகும் நாள் | காத்திருப்பு, பிறர் அட்டவணை | ஈரம், அனுமதிக் காகிதம், குளிர்ப்பொதி |
| ஏற்ற உயிர் | கிரையோகொனைட் சமூகம், உப்புக் குழாய் டயாட்டம் | நீந்துபவை, வழுக்குபவை, ஏரியடி நுண்ணுயிர்ப் படலங்கள் | மாஸ் நீர்க்கரடி, உருளைப்புழு, சிவப்புப் பனி |

## கேட்டவர்களுக்கு

கோவை நண்பருக்கு: போக வேண்டாம். உங்கள் கதாநாயகன் நீர்க்கரடி, மாஸில் வாழ்பவன், உறங்கத் தெரிந்தவன். சட்டப்படி மாதிரி வைத்திருக்கும் ஆய்வுக் குழு ஒன்றோடு கைகோத்து, அவர்கள் ஆய்வகத்திலேயே மேடையைப் போட்டு மூன்று வாரம் உட்காருங்கள். இறக்குமதித் தலைவலி அவர்களோடு போகும். அண்டார்க்டிகாவுக்கு ஆகும் செலவில் பாதியை நல்ல குளிர்மேடைக்கும் ஈரம் புகாத பெட்டிக்கும் போட்டாலே உங்கள் பத்து நிமிடமும் நிறைந்துவிடும். நிலக்காட்சி வேண்டுமென்றால் அங்கே போய்வருபவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

இந்தியக் கடவுச்சீட்டில் ஸ்வால்பார்டுக்குக் கிளம்புவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே விசா தேவையில்லை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அது உண்மைதான். ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், திரும்பி வரும்போது மீண்டும் உள்ளே நுழைகிறீர்கள். ஆகவே இருமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள். ஒருமுறை நுழைவோடு போனால் திரும்பும் வழியில் சிக்கல்.

ஆஸ்லோத் தங்கைக்கு: இரண்டு கிழமையையும் ஒரே வழிக்குக் கொடுக்காதே. முதல் மூன்று நாள் நுண்ணோக்கி இல்லாமல் மேலே போ. குழிகளைப் பார், ஆழம் அள, பெரிய லென்ஸில் குழியையும் உருண்டைகளையும் எடு. மாதிரியைத் தெர்மாஸில், அதே குழியின் பனிநீரோடு, கீழே கொண்டுவந்து குளிரூட்டியில் வைத்து அன்றிரவே பார். எந்தக் குழியில் யார் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, காற்று அடங்கும் ஒரு நாளைத் தேர்ந்து, சிறு நுண்ணோக்கியோடு அந்த ஒரு குழிக்கு மட்டும் ஏறு. மீதி நாள் எல்லாம் கீழே மேசையில். மாதிரி எடுப்பதை ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டுமா என்று உன் பல்கலைக்கழகத்தில் இந்த வாரமே கேட்டுவிடு.

மயிரிழைக் கனத்தில், வெப்பநிலை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கம்பி வாங்கு. கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் சொருகி, ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் எண்ணை வாய்விட்டுச் சொல், ஒலிப்பதிவில் இருக்கட்டும். மேலே எடுத்ததையும் கீழே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரோட்டிஃபரின் சுழல் எந்த எண்ணில் எவ்வளவு வேகம் என்று பார்த்துவிட்டு எனக்கும் எழுது. பார்க்க ஆவலாக இருக்கிறேன்.